ஒரு ‘ங்க’ மட்டும்

உங்கள் நூலகத்தில் நாற்காலிகளுக்குக் கை வைக்காதது நல்ல யோசனை. கை இருந்தால் மனிதன் சாய்வான், சாய்ந்தால் தூங்கிவிடுவான். நான் எப்போதும் நிமிர்ந்து உட்காருகிறவன் என்பதால் எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. பெட்டி என் காலருகிலேயே இருக்கட்டும். அதில் துணிமணிதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முன்னிலையில் இருந்தவர்கள் யார் என்று சொல்லாத வாக்குமூலம் எங்கள் அலுவலகத்தில் செல்லாது. நூலகர் இருந்தார். புத்தகத்தை வெளியிட்ட பதிப்பாளர் அம்மாள் இருந்தார். உங்கள் உறுப்பினர்களில் பல் மருத்துவர், குழாய்க்காரர், தடித்த கண்ணாடி போட்ட கல்லூரி மாணவி ஆகிய மூவரும் வந்திருந்தார்கள். எங்கள் குடும்பத்திலிருந்து என் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய மகள். புத்தகத்தை வரைந்தவள் அவள்தான். வீட்டில் எல்லோரும் அவளை வாண்டு என்பார்கள்; நான் மட்டும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். பிறகு நான். ஜன்னலில் ஒரு பூனையும் இருந்தது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்கள், குழுத் தலைவர் ஐயா. நியாயமான கேள்வி. பதிலும் நியாயமானதுதான். குடும்ப மானம்.

தம்பி மகள் மாங்கா வரைகிறாள் என்று தம்பி மனைவி முதன்முதலில் சொன்னபோது, நல்லது, அடுத்து வாழைக்காய் வரையட்டும் என்றேன். சாப்பிடும்போது பேசக்கூடாது என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. அன்று அதை மீறி எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. மாங்கா என்றால் ஜப்பான் பாணிச் சித்திரக் கதை என்று அப்புறம்தான் விளக்கினார்கள். அதிலும் இது சைபர்பங்க் வகை, இயந்திரங்கள் ஆளும் எதிர்காலக் கதை என்றாள் அவள். என் காதில் ‘சைபர் பங்கு’ என்று விழுந்தது. பாகப்பிரிவினைப் பத்திரங்களோடு காலம் தள்ளிய காது. “யாருக்கு சைபர் பங்கு? உன் அப்பனுக்கா?” என்று கேட்டேன். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவனுக்கு எப்போதுமே நகைச்சுவை உணர்வு குறைவு.

புத்தகம் வந்தது. நல்ல கனம். அட்டை கறுப்பு, உள்ளே அதைவிடக் கறுப்பு. ஒரு பெரிய நகரம் தன்மேல் தானே மாடிமேல் மாடியாகக் கட்டிக்கொண்டே போகிறது. மனிதர்கள் அநேகமாக இல்லை. குழாய்கள், கம்பிகள், கண் சிமிட்டும் இயந்திரங்கள். அடித்தளத்தில் ஒரு கதவு. அந்தக் கதவருகில் ஓர் இரும்புக் காவல்காரன், இடுப்பில் சாவிக்கொத்தோடு, காலகாலமாக நின்றுகொண்டிருக்கிறான். கதவுக்குப் பின்னால் எதுவும் இல்லை என்பது நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. ஒரு சின்னப் பெண் அங்கே வந்து சேர்கிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு அவன் மேலே ஏறுகிறான். வழியெல்லாம் இயந்திரங்கள் சுடுகின்றன. யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கடைசிப் பக்கத்தில் வெளிச்சம் வருகிறது. பெண் கீழே இறங்குகிறாள். திரும்பிக் காவல்காரனைப் பார்க்கிறாள். அப்போது ஒரே ஒரு சொல் வருகிறது. புத்தகம் முழுவதற்கும் அந்த ஒரு சொல்தான்.

“போ.”

தம்பி மனைவி என்னிடம், “அந்தக் காவல்காரரைப் பாத்தா உங்களுக்கு யார் ஞாபகமாவது வருதா?” என்று கேட்டாள். நம் பழைய குளிர்சாதனப் பெட்டி என்றேன். அவள் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தாள்.

அதன் பிறகுதான் வாசகர் கருத்துகள் வர ஆரம்பித்தன. இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாமாம். தம்பி மனைவி கைப்பேசியில் ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பாள். “வாங்கினேன், புரட்டினேன், முடிந்தது. காபி கூட ஆறவில்லை” என்று ஒருவர். “இருட்டாக இருந்ததால் விளக்கைப் போட்டேன். அப்போதும் இருட்டாகவே இருந்தது” என்று இன்னொருவர். “குழாய் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இத்தனை குழாயில் ஒரு இடத்தில்கூட வால்வு இல்லை. இந்த நகரம் முதல் மழைக்கே நாறிவிடும்” என்று ஒருவர், அவர்தான் உங்கள் குழாய்க்காரர் என்று பின்னால் தெரிந்தது. “அச்சகத்தில் எழுத்து விட்டுப்போன பிரதி எனக்கு வந்துவிட்டது, மாற்றித் தரவும்” என்று ஓர் அம்மாள். புத்தகம் அருமை என்று எழுதியவர்களும் உண்டு. ஆனால் ஏன் அருமை என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. மூன்று புள்ளி வைத்து நிறுத்திவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்குப் பொருட்டில்லை. இரண்டாம் பாகம் போடுவதா வேண்டாமா என்பதைக் கருத்துகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும் என்று பதிப்பாளர் அம்மாள் சொல்லிவிட்டதாக வீட்டில் பேசிக்கொண்டார்கள். தம்பி மகள் இரண்டு வருடமாக இரண்டாம் பாகத்தை வரைந்துகொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், விரலெல்லாம் மையாக இருப்பாள். அதுவும் என் பொறுப்பில் வராத விஷயம் என்று இருந்தேன்.

ஒரு மாலை தம்பி மனைவி ஒரு கருத்தைப் படிக்கத் தொடங்கி நடுவில் நிறுத்திவிட்டாள். படி என்றேன். “வேணாங்க” என்றாள். படி என்றேன் மறுபடியும். படித்தாள்.

“வரைந்தவர் வீட்டில் யாரும் யாரோடும் பேசிக்கொள்வதில்லை போலிருக்கிறது.”

ஐயா, எங்கள் வீட்டைப் பற்றி ஊரில் யாரும் ஒரு சொல் சொன்னது கிடையாது. நாங்கள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. சண்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டைப் பற்றி முகம் தெரியாத ஒருவர், அதுவும் இரண்டு நட்சத்திரம் போட்டு, இப்படி எழுதிவிட்டார். அன்று சாப்பாட்டு மேசையில் இதைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. சாப்பிடும்போது பேசக்கூடாதல்லவா.

மறுநாள் உங்கள் நூலகத்துக்கு வந்தேன். உள்ளூர்ப் பெண் வரைந்தது என்று நான்கு பிரதிகள் வாங்கி வைத்திருந்தீர்கள். அதற்கு நன்றி. ஒன்றை எடுத்துக்கொண்டு கோடியில் இருக்கும் மேசையில் உட்கார்ந்தேன். கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். ஒரு சின்னப் பெண், தன்னை அத்தனை மாடி தூக்கி வந்த மூத்தவரைப் பார்த்து, போ என்கிறாள். நாங்கள் வளர்த்த பெண் அப்படி எழுதலாமா? என் பேனாவை எடுத்து, அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ‘ங்க’ என்று சேர்த்தேன். அவ்வளவுதான். போங்க. உடனே பக்கத்துக்கே ஒரு களை வந்துவிட்டது.

இதில் பழைய விஷயம் ஒன்று உண்டு. சின்ன வயதில் தம்பி மகள் என்னை ‘நீ’ என்றுதான் பேசுவாள். பெரியப்பா நீ வா, பெரியப்பா நீ போ, பெரியப்பா உன் மீசை குத்துது. ஒருநாள் என் அலுவலகத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது கதவருகில் நின்றிருந்த என்னைப் பிடித்துத் தள்ளி, “போ பெரியப்பா, நீ போய் உக்காரு” என்றாள். அவர்கள் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு அவளைக் கூப்பிட்டு மரியாதை என்றால் என்ன என்று எடுத்துச் சொன்னேன். அடிக்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. மறுநாளிலிருந்து ‘நீங்க’ என்றாள். அப்புறம் அவள் என்னிடம் அதிகம் பேசியதில்லை. மரியாதை கூடினால் பேச்சு குறையும், அது இயல்பு.

‘ங்க’ சேர்த்ததும் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். பத்திரத்தில் ஒரு சொல்லைத் திருத்தினாலும் ஓரத்தில் திருத்தியவர் தன் பெயரைச் சுருக்கமாகக் கையெழுத்திட வேண்டும். இட்டால் அது திருத்தம், இடாவிட்டால் மோசடி. நான் எதையும் ஒளித்துச் செய்யவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிறகு முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். ‘போங்க’ என்று அவ்வளவு மரியாதையாகப் பேசத் தெரிந்த பெண், உள்ளே வரும்போது ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் இருப்பாளா? பொருந்தவில்லை. ஆகவே சொல்ல வைத்தேன். பக்கம் முழுக்கக் கறுப்பு என்பதால் மை தெரியவில்லை. ஒயிட்னர் வாங்கி வந்தேன். என் இரத்த அழுத்த மாத்திரை டப்பியின் மூடியை வைத்து வட்டம் போட்டு, உள்ளே வெள்ளை பூசி, காய விட்டு, ஊதி, அதன்மேல் எழுதினேன். “வணக்கம் ஐயா. உள்ளே வரலாமா?” அதற்குக் காவல்காரர், “வாம்மா. நீ யார் வீட்டுப் பெண்?” என்கிறார். இரண்டு வட்டம்தான். அந்த இருட்டு நகரத்தில் ஒரு குடும்பச் சூழ்நிலை வந்துவிட்டது.

சுடுகிற இயந்திரங்களையும் விட்டுவிட முடியாது. சுடுவது அவற்றின் பணி. பணியில் இருப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. “மன்னிக்கவும், மேலிடத்து உத்தரவு” என்று சொல்லிவிட்டுச் சுட வைத்தேன். காவல்காரர் மாடிகளுக்கு இடையில் விழுகிற இடம் பக்கம் பக்கமாகப் போகிறது. முதல் பக்கத்தில் “விழுகிறேன்” என்று எழுதினேன். அடுத்ததில் “இன்னும் விழுகிறேன்.” அதற்கடுத்த பக்கத்தில் அவருக்கு நேரம் இருந்ததால், தன் தம்பியைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்.

தம்பி என்ற பாத்திரம் அப்படித்தான் வந்தது. நான் திட்டமிடவில்லை. முதல் பிரதியில் அந்தத் தம்பி அண்ணன் சொல் கேளாதவன், அவ்வளவே. இரண்டாம் பிரதி எழுதும்போது அவன் திருந்திக் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறான். மூன்றாம் பிரதி எழுதிய வாரத்தில், என் தம்பி எனக்கு முன்னால் செய்தித்தாளைப் பிரித்துவிட்டான். தாளின் மடிப்பெல்லாம் கலைந்து, விளையாட்டுப் பக்கம் உள்ளே போய், தலைப்புச் செய்தி தலைகீழாக என் கைக்கு வந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் பிரதியில் தம்பி இறந்துபோகிறான். நான்காம் பிரதிக்கு வந்தபோது, காவல்காரருக்குத் தம்பியே பிறக்காமல் இருந்திருந்தால் கதை இன்னும் சுத்தமாக இருக்கும் என்று தோன்றியது.

கடைத்தெருப் புத்தகக் கடையில் இருந்த பிரதிகளையும் விடவில்லை. கடைக்காரர் நான் புத்தகப் பிரியன் என்று நினைத்து உட்கார முக்காலி கொடுத்தார். நல்ல மனிதர். அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த கருத்துகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். “இதுவரை படித்ததிலேயே உருக்கமான குடும்பக் கதை.” “காவல்காரரின் கண்டிப்பு என் மாமனாரை அப்படியே உரித்து வைத்திருக்கிறது. முழுக்கப் படிக்க முடியாமல் மூடி வைத்துவிட்டேன், ஐந்து நட்சத்திரம்.” “வால்வு இல்லாத குறையை வசனம் தீர்த்துவிட்டது.” தம்பி மனைவி படிக்கப் படிக்க, தம்பி மகள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். “என்னம்மா வசனம் வசனம்ங்கிறாங்க? நான் எழுதவே இல்லையே?” “படத்தைப் பாத்து மனசுக்குள்ள பேசிக்கிறாங்க போல” என்றாள் தாய். அந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. நான் அதைத் திருத்தவில்லை.

பதிப்பாளர் அம்மாளுக்கு மட்டும் அந்த விளக்கம் போதவில்லை. புத்தகம் போட்டவருக்குத் தெரியாதா உள்ளே எத்தனை சொல் என்று. ஆனாலும் இரண்டாம் பாகத்தை அச்சுக்கு அனுப்பச் சம்மதித்துவிட்டு, வாசகர்களை நேரில் பார்க்கிறேன் என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தார்.

பல் மருத்துவர்தான் ஆரம்பித்தார். “நான் பல்லு புடுங்குறவ. அழுறவங்களைத் தெனமும் பாக்குறேன். ஆனா அந்தத் தம்பி செத்துப்போற எடத்துல எனக்கே அழுகை வந்திருச்சு.”

“யாரு செத்தது? தம்பியா?” என்றார் குழாய்க்காரர். “டாக்டரம்மா, மயக்க ஊசிய உங்களுக்கே போட்டுக்கிட்டுப் படிச்சீங்களா? அவன் கால்ல விழுந்து மன்னிப்புல்ல கேக்குறான்.”

“செத்துட்டான்யா. ‘செய்தித்தாளைக் கலைத்தவன் போய்விட்டான்’னு அண்ணன் சொல்றாரே.”

“ரெண்டு பேரும் தப்பு” என்றாள் கண்ணாடி மாணவி. “அவருக்குத் தம்பியே கெடையாது. ‘நான் ஒற்றைப் பிள்ளை, அதனால் நிம்மதி’ன்னு தெளிவா சொல்றாரு.”

தம்பி மகள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். “எந்தத் தம்பி? நான் எழுதினதே ஒரு வார்த்தைதான்.”

“அக்கா, அது கெடக்கட்டும். அந்தப் புழுவைப் பத்திச் சொல்லுங்க” என்று மாணவி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “ஒவ்வொரு வசனத்துக்குப் பக்கத்துலயும் ஒரு புழு நெளியுதே. இரும்புக்குள்ள உயிர் நுழையுறதோட குறியீடுன்னு நான் ஒரு பெரிய கட்டுரையே எழுதியிருக்கேன். நெறைய பேர் பாராட்டினாங்க.”

“புழுவா? குடும்மா பாப்போம்” என்று என் தம்பி புத்தகத்தை வாங்கினான். கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினான். வெகுநேரம் பார்த்தான். “இது புழு இல்லம்மா. எங்கண்ணன் கையெழுத்து. எங்க அப்பா தவறினதுலேர்ந்து என் மதிப்பெண் அட்டையில இந்தப் புழுதான் நெளிஞ்சுது.”

நான் எழுந்து நின்றேன். ஆம், என்னுடையதுதான் என்றேன். சட்டையின் கசங்கலைச் சரிசெய்துகொண்டேன்.

“அண்ணே,” என்றான் தம்பி மெதுவாக, “நான் செத்துட்டேனா?”

“மூன்றாம் பிரதியில் மட்டும்” என்றேன்.

நூலகர் தலையில் கை வைத்துக்கொண்டார். கண்ணாடி மாணவி தன் கட்டுரையை நினைத்தோ என்னவோ, பையை எடுத்து மடியில் வைத்து அதற்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். பதிப்பாளர் அம்மாள், “ஐயா, இது எவ்வளவு பெரிய காரியம்னு உங்களுக்குத் தெரியுதா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். அதனால்தான் ஒவ்வொன்றிலும் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன் என்றேன்.

தம்பி மகள் என்ன செய்தாள் தெரியுமா? சிரித்தாள். ஒரு பிரதியைப் புரட்டிப் புரட்டிச் சிரித்தாள். “‘மன்னிக்கவும், மேலிடத்து உத்தரவு’… ஐயோ அம்மா… ‘இன்னும் விழுகிறேன்’…” கண்ணில் நீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்துக் குழாய்க்காரர் சிரித்தார். பல் மருத்துவர் தன் எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தார். என் தம்பிகூட, தான் இறந்துபோன பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

கடைசிப் பக்கம் வந்ததும் மட்டும் அவள் சிரிப்பை நிறுத்தினாள். அந்த ‘ங்க’வை விரலால் தடவிப் பார்த்தாள்.

“இது மட்டும் வேற, பெரியப்பா” என்றாள். “இது ‘போங்க’ இல்ல, ‘போ’. சின்ன வயசுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒருத்தர்கிட்ட நான் அப்படித்தான் பேசுவேன். அவரு கதவுகிட்டயே நின்னுட்டிருப்பாரு. யாருக்காக நிக்கிறாருன்னு அவருக்கே தெரியாது. ‘போ, போதும், போய் உக்காரு’ன்னு அவருகிட்ட சொல்லணும்னு எனக்கு இருந்துச்சு. அதுக்காகத்தான் இவ்ளோ பக்கம் வரைஞ்சேன். ‘ங்க’ போட்டா அர்த்தமே மாறிடும். வீட்டை விட்டு வெளிய அனுப்புற மாதிரி ஆயிடும்.”

எல்லோரும் ஏனோ என்னைப் பார்த்தார்கள். அவள் யாரைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக் காவலாளியாக இருக்கலாம். தினமும் அவள் வெளியே போய்த் திரும்பும்வரை நானும்தான் வாசற்கதவருகில் நிற்பேன். ஆனால் நான் நின்றது சாவி என் இடுப்பில் இருந்ததால். அது வேறு விஷயம்.

“சரி விடுங்க” என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிப்பாளர் அம்மாளிடம் திரும்பினாள். “அச்சடிச்ச புத்தகம்தானே. வேற அடிச்சுக்கலாம். மூலப் படமெல்லாம் எங்கிட்டதான் இருக்கு. ரெண்டாம் பாகமும் கட்டி மேசை மேல வெச்சிருக்கேன். நாளைக்கு அச்சகத்துக்குப் போயிடும்.”

“அது போதும்மா, அது போதும்” என்றார் பதிப்பாளர் அம்மாள்.

மூலம் என்ற சொல்லைக் கேட்டதும் நான் உட்கார்ந்தேன்.

ஐயா, உங்கள் குழு என்னிடம் விளக்கம் கேட்டிருப்பது நூலகப் பிரதிகளைப் பற்றி மட்டும். வேறு ஒருவனாக இருந்தால் இத்தோடு நிறுத்திக்கொள்வான். எனக்கு அப்படி அரைகுறையாகச் சொல்லிப் பழக்கமில்லை. நகல் ஒன்று சொல்ல, மூலம் வேறொன்று சொன்னால் அது பதிவுக்கே தகுதியற்றது. என் பணிக்காலம் முழுவதும் அப்படிப்பட்டவற்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நகல்களைத் திருத்திவிட்டு மூலத்தை எப்படி அப்படியே விட முடியும்? அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வாரம் முழுவதும் அவள் பதிப்பாளர் அலுவலகத்துக்கும் அச்சகத்துக்கும் அலைந்துகொண்டிருந்தாள். அவளுடைய அறைக்கு ஜன்னல் பெரியது, நல்ல வெளிச்சம். முதல் பாகத்தின் மூலப் படங்களை முடித்தேன். பக்கத்திலேயே இரண்டாம் பாகம் நூல் கட்டி இருந்தது. அதையும் அவிழ்த்தேன். முடித்துவிட்டு அவள் போட்டிருந்த அதே முடிச்சைப் போட்டுவைத்தேன். மேசையைத் துடைத்தேன்.

இரண்டாம் பாகத்தில் ஒரு சொல்கூட இல்லை. காவல்காரர் தனியாகக் கீழே இறங்கி, தன் பழைய கதவுக்கே திரும்பிப் போகிறார். அந்தப் பெண் வளர்ந்து, அவரைத் தேடிக்கொண்டு அத்தனை மாடியும் இறங்கி வருகிறாள். அவ்வளவுதான் கதை. பக்கத்துக்குப் பக்கம் இருட்டும் மழையும் மெல்லிய கோடுகளும். ஒரு முடியைப் பிளந்து வரைந்தது போன்ற கோடுகள். ஒயிட்னர் நிறையத் தேவைப்பட்டது. கடைசிப் படத்தில் காவல்காரர் கதவில் சாய்ந்து உட்கார்ந்து தூங்கிப்போயிருக்கிறார். முதுகு வளைந்திருக்கிறது. அவள் அவர் தலையில் கை வைத்திருக்கிறாள். மூத்தவர் தலையில் சிறியவள் கை வைப்பது முறையில்லை. அந்தக் கையை வெள்ளையடித்துவிட்டு, கும்பிடுகிற கையாகப் போட்டேன். எனக்குப் படம் வராது. இருந்தாலும் கை என்று தெரிகிறது. பிறகு காவல்காரரின் முதுகை அடிகோல் வைத்து நிமிர்த்தினேன். “நான் தூங்கவில்லை” என்று அவரைச் சொல்ல வைத்தேன். சுருக்கொப்பம் இட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் அவள் அந்தக் கட்டை அவிழ்த்தாள். நான் அறை வாசலில் நின்றிருந்தேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. தம்பி வந்து எட்டிப் பார்த்தான். தம்பி மனைவி வந்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. வீட்டைப் பற்றி அந்த வாசகர் எழுதியது எனக்கு ஒரு கணம் ஞாபகம் வந்தது. அதை ஒதுக்கினேன்.

“கடைசிப் பக்கமுமா?” என்று கேட்டாள்.

“அதைத்தான் முதலில் செய்தேன்” என்றேன்.

அவள் தாள்களை அடுக்கினாள். நூலைக் கையில் சுற்றினாள். எழுந்து என் எதிரில் வந்து நின்றாள். என்னைவிட உயரமாகிவிட்டாள் என்பதை அன்றுதான் கவனித்தேன். அவள் என்னிடம் ஒரு வாக்கியம் சொன்னாள். ஒரே சொல். குரலை உயர்த்தவில்லை. என் வளர்ப்பு வீணாகவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது.

நான் சாவிக்கொத்தை வாசல் மேசைமேல் வைத்துவிட்டு, இந்தப் பெட்டியில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டு புறப்பட்டேன். பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு விடுதியில் அறை எடுத்திருக்கிறேன். சுத்தமான அறை. கதவுக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. அருகில் யாரும் நிற்க வேண்டியதில்லை. நிற்க வேண்டியதில்லை என்றாலும் நிற்கலாம். தடையேதும் எழுதி வைத்திருக்கவில்லை.

நூலகத்தின் நான்கு பிரதிகளையும் நான்தான் எழுதினேன். கடைப் பிரதிகளையும் நான்தான். மூலங்களையும் நான்தான். யாரும் தூண்டவில்லை. சுயநினைவோடு செய்தேன். இதில் அடித்தல் திருத்தல் இல்லை.

ஒன்றே ஒன்று. தம்பி மகள் தன் சொந்தப் பெரியப்பாவைப் பார்த்து ‘போ’ என்று சொல்லிவிட்டாள் என்று வெளியில் ஒரு பேச்சு அடிபடுவதாகக் கேள்விப்பட்டேன். அது தவறு. ‘போங்க’ என்றுதான் சொன்னாள்.